மேசைமேல் ஒரு செம்பருத்தி: வீட்டு விளக்கில் பூவை நெருங்கிப் படமெடுப்பது

காலையில் செடியிலிருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்து, ஹாலில் மேசைமேல் வைத்து, டியூப் லைட்டைப் போட்டு, செல்போனைப் பூவுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். செடியில் அவ்வளவு அழகாக இருந்த பூ, படத்தில் வெறும் சிவப்புத் திட்டாக நிற்கும். இதழில் ஓடும் நரம்பு தெரியாது, ஓரத்துச் சுருக்கம் தெரியாது, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டும் அதைச் சுற்றியிருக்கும் மஞ்சள் மகரந்தப் பொட்டுகளும் பின்னால் இருக்கும் இதழோடு அப்பிக்கொண்டு கிடக்கும். போதாததற்கு உங்கள் போனின் நிழலே பூவில் பாதியை மூடியிருக்கும்.

இப்போது டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் படிக்கிற டேபிள் லேம்ப் இருந்தால் எடுத்து வந்து, பூவுக்கு இடது பக்கமாக, பூவைவிடக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். விளக்குக்கும் பூவுக்கும் நடுவில் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பு நின்ற இடத்திலிருந்தே மறுபடி எடுங்கள். இந்த இரண்டாவது படத்தில் ஐந்து இதழும் ஐந்தாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு நரம்பின் பக்கத்திலும் மெல்லிசாக ஒரு நிழல் ஓடும். தண்டு இதழைவிட்டு முன்னால் வந்து நிற்கும், அதன் நிழல் பின்னிதழில் சாய்வாக விழுந்து, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

அதே பூ, அதே போன். மாறியது வெளிச்சம் மட்டும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் படத்தைப் பார்த்ததுமே 'நமக்கு நல்ல கேமரா வேண்டும்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கேமராவுக்குக் காசு சேர்க்கிற நேரத்தில், இருக்கிற போனையும் ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் விளையாடினால் கற்றுக்கொள்வது ரொம்பவே அதிகம். அந்த ஒரு மாதத்துக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

விளக்கு எவ்வளவு பெரிது?

நண்பகல் வெயிலில் நின்றால் உங்கள் நிழல் தரையில் கத்தியால் வெட்டியதுபோல் விழும். அதே இடத்தில் மேகம் மூடியதும் நிழலின் ஓரம் கரைந்துபோகும், சில சமயம் நிழலே காணாமல் போகும். முதல் வகையைக் கடினமான வெளிச்சம் என்றும் இரண்டாவதை மென்மையான வெளிச்சம் என்றும் சொல்வார்கள். சூரியன் ஒன்றுதான், அப்படியிருக்க எது மாறுகிறது? வெளிச்சம் வந்து சேர்கிற பரப்பின் அளவு மாறுகிறது. சூரியன் கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர் அகலம், ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் பார்வைக்கு அரை டிகிரிதான், கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகத்துக்குள் மறைந்துவிடும். அவ்வளவு சின்னப் புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம் கடினமாகத்தான் இருக்கும். மேகம் வந்ததும் வானம் முழுக்க ஒரே விளக்காக மாறிவிடுகிறது, வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து நிழலை நிரப்பிவிடுகிறது.

ஆகவே விளக்கின் வாட் எவ்வளவு, விலை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். பூ இருக்கிற இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்த விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதுதான் முதல் கேள்வி. பூவைப் படமெடுக்கிறவர்களுக்கு இங்கேதான் பெரிய அதிர்ஷ்டம் அடிக்கிறது, ஏனென்றால் பூ சின்னது. ஒரு ஆளை மென்மையான வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமென்றால் ஸ்டுடியோக்காரர்கள் மூன்றடி, நாலடி அகலத்தில் சாஃப்ட்பாக்ஸை, அதாவது முன்னால் வெள்ளைத் துணி மூடிய விளக்குப் பெட்டியை, தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. மல்லிகைப் பூ இரண்டு சென்டிமீட்டர்தான். ஒரு ஏ4 தாளின் நீளம் ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர், அதாவது பூவைப்போல் பதினைந்து மடங்கு. ஐந்தரை அடி ஆளுக்கு இதே விகிதத்தில் விளக்கு வேண்டுமென்றால் எண்பது அடிக்கு மேல் நீளமான சுவரே ஒளிர வேண்டும். எந்த சினிமா ஸ்டுடியோவிலும் எளிதில் அமையாத ஒரு வசதி, ஒரு பட்டர் பேப்பரில் நம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. நெருங்கிப் படமெடுப்பதில் எனக்குத் தீராத ஆசை வந்ததே இதனால்தான்.

பட்டர் பேப்பரைப் பிடிக்கிற விதத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பேப்பரை விளக்கோடு ஒட்டிப் பிடித்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் பளீரென்று எரியும், மீதித் தாள் இருட்டாகவே இருக்கும். அப்போது உங்கள் விளக்கின் அளவு அந்த வட்டம்தான், தாளின் அளவு கணக்கில் வராது. விளக்கை ஒரு சாண் பின்னால் தள்ளுங்கள். தாள் முழுக்க ஒரே சீராக வெளுத்து ஒளிரும்போதுதான் ஏ4 தாள் ஏ4 விளக்காக வேலை செய்கிறது. தாளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பூவுக்குப் பக்கத்தில், படத்தின் சட்டத்துக்குள் வராத அளவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டர் பேப்பர் இல்லையென்றால் டிரேசிங் பேப்பர் போதும். வெள்ளை வேட்டியை நாற்காலி முதுகில் போட்டுத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் விளக்கை வைத்தாலும் அருமையான வெளிச்சம் கிடைக்கும், நீலம் போட்டுத் துவைத்த வேட்டியாக மட்டும் இருக்க வேண்டாம்.

போனில் இருக்கும் ஃபிளாஷைப் பற்றிக் கேட்பீர்கள். அது ஒரு மிளகு அளவு விளக்கு, அதுவும் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடினமான வெளிச்சம், நேர் முன்னாலிருந்து. இந்த வேலைக்கு அதை மறந்துவிடலாம்.

சாண் கணக்கு

பூவை முழம் போட்டு வாங்குகிறவர்கள் நாம், வெளிச்சத்தைச் சாண் போட்டு அளப்பது ஒன்றும் கஷ்டமில்லை. சின்ன விளக்கு ஒன்று பூவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதை இரண்டு சாணுக்குத் தள்ளினால் பூமேல் விழும் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். மூன்று சாணில் ஒன்பதில் ஒரு பங்கு. தூரம் கூடக்கூட அதே வெளிச்சம் மேலும் மேலும் பெரிய பரப்பில் பரவ வேண்டியிருப்பதால் இப்படிக் குறைகிறது. பள்ளியில் எதிர்விகித வர்க்கம் என்று படித்திருப்போம். தாள் மாதிரி அகலமான விளக்கு ரொம்பக் கிட்டே இருக்கும்போது குறைவது இவ்வளவு வேகமாக இருக்காது, ஆனால் போக்கு இதேதான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யலாம். கறுப்புப் பின்னணியில் ஒற்றைப் பூ மட்டும் ஒளிர்ந்து நிற்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் கறுப்புத் துணி வேண்டும் என்று நினைப்போம். விளக்கு பூவிலிருந்து ஒரு சாணில் இருக்கட்டும், சுவர் விளக்கிலிருந்து பத்துச் சாணில் இருக்கட்டும். சுவருக்குப் போய்ச் சேர்வது பூவுக்குக் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்கு. பூ சரியாகத் தெரியும்படி கேமராவைச் சரிசெய்தால், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவரே படத்தில் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். பகலாக இருந்தால் ஜன்னலைச் சாத்தி, மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பின்னணியில் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்று தோன்றினால் பூவையும் விளக்கையும் சேர்த்துச் சுவர்ப்பக்கம் நகர்த்துங்கள், கறுப்பு சாம்பலாகும், சாம்பல் வெளுக்கும். மேசையைத் தள்ளித் தள்ளியே பின்னணியின் நிறத்தை முடிவுசெய்கிற இந்த விளையாட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஆனால் விளக்கைக் கிட்டே கொண்டுபோவதற்கு ஒரு விலை உண்டு. செம்பருத்தியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அரைச் சாண் தூரம் இருக்கிறது. சின்ன விளக்கு இந்த ஓரத்துக்கு அரைச் சாணில் இருந்தால், அந்த ஓரத்துக்கு ஒரு சாண். இந்த இதழுக்குக் கிடைப்பதில் கால்வாசிதான் அந்த இதழுக்குப் போகிறது. ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டுபோவது இதனால்தான். அந்த இறக்கம் அழகாக இருந்தால் அப்படியே விடலாம். பிடிக்கவில்லையென்றால் விளக்கைப் பின்னால் இழுங்கள், அல்லது இருண்ட பக்கத்தில் ஒரு தெர்மாகோல் துண்டை நிறுத்துங்கள். பார்சலில் வருகிற தெர்மாகோல் இந்த வேலைக்குத் தங்கம். வெளிச்சத்தை மெல்லத் திருப்பி அனுப்பும், தானாக நிற்கும், எடையே இல்லை. அலுமினிய ஃபாயில் இன்னும் பலமாகத் திருப்பும், ஆனால் கசங்கிய இடங்களிலிருந்து தனித்தனிப் புள்ளியாக வெளிச்சம் தெறிக்கும் என்பதால் நான் தெர்மாகோலையே எடுப்பேன்.

விளக்கைச் சுற்றி நடத்துங்கள்

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மேசையைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். பூ நடுவில், கேமரா ஆறு மணியில். கேமராவை எதன்மேலாவது அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் நான்கு மணி, மூன்று மணி, இரண்டு மணி என்று நகர்த்திப் பன்னிரண்டு வரை கொண்டுபோங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம். முடிந்தபின் எல்லாவற்றையும் வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பாருங்கள்.

நான்கு மணியில் பூ தெளிவாக முகத்தைக் காட்டும், நிறம் நன்றாக வரும், மேடுபள்ளம் அவ்வளவாகத் தெரியாது. மூன்று மணிக்கு வந்ததும் இதழின் தோல் எழும்பும். ரோஜா இதழைத் தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கிறதே, அதன் மேல்தோல் செல்கள் சின்னச் சின்னக் கூம்புகளாகத் துருத்தி நிற்பதால்தான் அந்தச் சாயல் வருகிறது. கூம்பு ஒவ்வொன்றையும் நம் லென்ஸ் காட்டாது, ஆனால் பக்கத்திலிருந்து வருடிக்கொண்டு போகும் வெளிச்சத்தில் அந்த வெல்வெட் குணம் படத்தில் இறங்கும். முன்னாலிருந்து அடித்தால் இறங்காது.

இரண்டு மணி, ஒரு மணி என்று விளக்கு பூவுக்குப் பின்னால் போகும்போதுதான் எனக்கு மூச்சு நிற்கும். இதழ் வெளிச்சத்தை உள்ளே விட்டு வெளியே அனுப்புகிற பொருள். பின்னாலிருந்து விளக்கு வந்ததும் பூ தானே எரிவதுபோல் ஆகிவிடுகிறது. செம்பருத்தியில் நரம்புகள் கருஞ்சிவப்புக் கோடுகளாகப் பிரிந்து பிரிந்து ஓரம்வரை போவது தெரியும். இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடம் மட்டும் அடர்ந்து, மூன்றாவது ஒரு இதழ் அங்கே ஒளிந்திருப்பதுபோல் இருக்கும். பின்னிதழுக்கு அந்தப்புறம் ஒரு எறும்பு ஊர்ந்தால் அதன் நிழல் இந்தப்புறம் தெரியும்.

வெள்ளைப் பூக்களில் இது இன்னும் விசேஷம். மல்லிகை, நந்தியாவட்டை இவற்றின் இதழில் வெள்ளை நிறமி என்று எதுவும் கிடையாது. செல்களுக்கு நடுவில் இருக்கும் காற்று இடைவெளிகளில் பட்டு வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மல்லிகை இதழை விரலால் நசுக்கிப் பாருங்கள், காற்று வெளியேறி அந்த இடத்தில் சாறு நிரம்ப, இதழ் கண்ணாடிபோல் ஆகிவிடும். கையில் கசங்கிய பூவைப் பின்வெளிச்சத்தில் எடுத்தால் நெருக்கத்தில் அந்த இடங்கள் ஈரத்திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், வெள்ளைப் பூவை எப்போதும் காம்பைப் பிடித்தே எடுங்கள்.

பின்னாலிருந்து அடிக்கும்போது விளக்கின் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் விழுந்து படம் முழுக்கப் பனி மூடியதுபோல் வெளுத்துவிடும். லென்ஸுக்கு மேலே உள்ளங்கையைக் குடைபோல் பிடித்தால் போதும், சட்டென்று நிறம் திரும்பி வருவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான வித்தை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைச் சேர்ப்பதைப்போலவே கழிக்கவும் செய்யலாம். நந்தியாவட்டையை வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்து எடுத்தால் வெள்ளைக்குள் வெள்ளை கரைந்து இதழின் ஓரமே தெரியாது. பூவுக்கு இரண்டு பக்கத்திலும், படத்துக்குள் வராமல், கறுப்பு சார்ட் பேப்பரை மடித்து நிறுத்துங்கள். பக்கங்களிலிருந்து வருகிற வெளிச்சத்தை அது விழுங்கிவிட, இதழின் ஓரத்தில் பென்சிலால் வரைந்ததுபோல் ஒரு சாம்பல் கோடு வந்து உட்காரும். ஒரு கறுப்புத் தாள் இவ்வளவு செய்யும் என்று முதலில் பார்த்தபோது நானே இரண்டு முறை எடுத்துவிட்டு எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்குள் செடிகொடிகளைப் படமெடுத்து உலகப்புகழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) தன் கையாலேயே செய்த கேமராவில், வெறும் அட்டைக்கு முன்னால், சாதாரணப் பகல் வெளிச்சத்தில் மொட்டுகளையும் தளிர்களையும் பல மடங்கு பெரிதாக எடுத்தார். அமெரிக்காவின் இமோஜென் கன்னிங்ஹாம் மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு நகர முடியாத 1920-களில், தோட்டத்துச் செடிகளை எடுக்க ஆரம்பித்தார். 1925-இல் அவர் நெருங்கி எடுத்த மக்னோலியாப் பூ இன்றைக்கும் பேசப்படுகிறது. அவர்கள் படங்களில் வண்ணம் கிடையாது, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ஒரு நாள் உங்கள் போனையும் கறுப்புவெள்ளைக்கு மாற்றிவிட்டு இந்தக் கடிகாரப் பயிற்சியைச் செய்து பாருங்கள், சிவப்பு மயக்காதபோது நிழல் தெளிவாகக் கண்ணில் படும்.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது

ஜன்னலிலிருந்து வருகிற பகல் வெளிச்சம் ஒரு நிறம், மஞ்சள் பல்பு ஒரு நிறம், டியூப் லைட் இன்னொரு நிறம். நம் மூளை எல்லாவற்றையும் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா அந்த அளவுக்குச் சரிக்கட்டாது. இந்த நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்கிறார்கள். கடையில் வாங்கும் எல்இடி பல்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், வார்ம் வைட் என்றால் 2700 அல்லது 3000, கூல் டேலைட் என்றால் பெரும்பாலும் 6500 என்று போட்டிருக்கும். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500. எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்.

எந்த பல்பானாலும் பரவாயில்லை, கலக்க மட்டும் கலக்காதீர்கள். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்று வைத்தால் ஒரே மல்லிகையில் பாதி நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் இருக்கும், பிறகு எந்த ஆப்பிலும் அதைச் சரிசெய்வது பெரிய பாடு. ஜன்னல் என்றால் ஜன்னல் மட்டும், விளக்கு என்றால் விளக்கு மட்டும். பூ இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை கேமராவின் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை, கையால் சரிசெய்துகொண்டு, அப்புறம் பூவை வையுங்கள்.

விளக்கு ஒன்றாக இருந்தாலும் நிறம் வேறு வழியில் உள்ளே வரும். ஒருநாள் நந்தியாவட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன், இதழின் ஒரு பக்கத்தில் மட்டும் வெண்ணெய் பூசியதுபோல் ஒரு மஞ்சள். பல்பை மாற்றினேன், தாளை மாற்றினேன், போகவில்லை. நான் போட்டிருந்த மஞ்சள் சட்டையில் பட்ட வெளிச்சம்தான் பூமேல் போய் விழுந்துகொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. இவ்வளவு நெருக்கத்தில் நீங்களும் ஒரு சுவர். பச்சைச் சுவர், நீலத் திரைச்சீலை எல்லாமே பூவுக்குத் தன் சாயத்தைக் கொடுக்கும்.

சிவப்புப் பூக்களுக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. வெள்ளை எல்இடி பல்பு என்பது உள்ளுக்குள் நீல விளக்குதான், அதன்மேல் பூசியிருக்கும் பாஸ்பர் என்ற மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றிச் சேர்த்து வெள்ளையாகக் காட்டுகிறது. மலிவான பல்புகளில் அடர்சிவப்பு ரொம்பக் குறைவாக இருக்கும். விளக்கில் இல்லாத சிவப்பைச் செம்பருத்தி எப்படித் திருப்பிக் காட்டும்? பூ செங்கல் நிறமாகவோ சோர்ந்த சிவப்பாகவோ வருவது அதனால்தான். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு மதிப்பெண் உண்டு, நூற்றுக்கு. வீட்டு பல்புகள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டி இருக்கும், படமெடுக்க 95-க்கு மேல் இருந்தால் நல்லது. அதிலும் பொதுவான சிஆர்ஐ என்பது எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி, அடர்சிவப்பு அந்த எட்டில் சேராது. அதை ஆர்9 என்று தனியாகச் சொல்வார்கள். படமெடுக்கவென்றே விளக்கு வாங்குவதாக இருந்தால் டப்பாவில் ஆர்9 போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கவில்லையென்றால் சிவப்புப் பூக்களை ஜன்னலுக்கு விட்டுவிட்டு, வெள்ளை, மஞ்சள், சங்குப்பூ போன்றவற்றை விளக்கில் எடுங்கள்.

இன்னொன்று, கேமராவுக்கு ஆழ்ந்த சிவப்பு வந்தால் அந்த ஒரு நிறம் மட்டும் சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். படம் மொத்தத்தில் சரியான வெளிச்சத்தில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் இதழில் விவரம் எதுவும் இருக்காது. செம்பருத்தியைக் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள். போனில் பூவை விரலால் அழுத்திப் பிடித்து, வருகிற சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். கறுப்புப் பின்னணி இருந்தால் அதைப் பார்த்துவிட்டுக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும் என்பதால் இன்னும் கீழே இழுக்க வேண்டியிருக்கும். வெள்ளைத் தாளுக்கு முன்னால் மல்லிகையை எடுக்கும்போது நேர்எதிர், கேமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும், நீங்கள் மேலே இழுக்க வேண்டும்.

ஃபேனை நிறுத்துங்கள்

தோட்டத்தில் பூவை நெருங்கிப் படமெடுத்தவர்களுக்குக் காற்று எவ்வளவு பெரிய எதிரி என்று தெரியும். வீட்டுக்குள் அந்த எதிரி இல்லை, ஃபேனை நிறுத்திவிட்டால். இதன் அருமை ஆரம்பத்தில் புரியாது. பூ அசையாது, கேமரா ட்ரைபாடில் அசையாது என்றால் ஷட்டரை ஒரு வினாடி, இரண்டு வினாடி திறந்து வைக்கலாம், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 100-இலேயே வைக்கலாம். படிக்கிற விளக்கு ஒன்றே தாராளம். பட்டனை விரலால் அழுத்துகிற அசைவுகூட வேண்டாம் என்று இரண்டு வினாடி டைமரைப் போட்டுவிடுங்கள். ட்ரைபாட் இல்லையென்றால் அரிசிப் பையின்மேல் போனைப் பதித்து வைத்தாலும் நிற்கும்.

ரொம்ப நெருங்கி எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். நெருங்க நெருங்க, தெளிவாகத் தெரிகிற ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். பூவின் உண்மையான அளவிலேயே, படம் பதிகிற சென்சாரில் விழும்படி, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில், லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணை 8-இல் வைத்து எடுத்தால் தெளிவாக இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். பாதி அளவில் எடுத்தால் மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். ஆழம் வேண்டும் என்று அபெர்ச்சர் என்கிற அந்தத் துவாரத்தை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கிக்கொண்டே போனால் வெளிச்சமும் குறையும், ஒரு கட்டத்துக்குமேல் படம் முழுக்கவே மெல்ல மங்கும். அதனால் எஃப் 8, எஃப் 11-க்குள் நிறுத்திக்கொண்டு, அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்று யோசிப்பது நல்லது. செம்பருத்தித் தண்டின் நுனியில் ஐந்து சின்னச் சிவப்புப் பொட்டுகள் இருக்கின்றன, மகரந்தத்தை ஏற்கிற சூல்முடிகள், அவை எல்லாம் ஒரே தளத்தில் வரும்படி பூவைத் திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எல்இடி விளக்கில் எடுக்கும்போது படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழுந்தால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மின்னி அடங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வினாடிக்கு வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும், ஒரு வினாடிக்குப் போனால் பிரச்சினையே இல்லை.

குண்டு பல்பு, ஹாலஜன் வைத்திருப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். சிவப்பு நன்றாக வரும் என்று ஒருமுறை ஹாலஜன் விளக்கைப் பூவுக்குக் கிட்டே வைத்துவிட்டு லென்ஸ் மாற்றப் போனேன், திரும்பி வருவதற்குள் இதழ் ஓரமெல்லாம் சுருண்டு பழுப்பேறியிருந்தது. பட்டர் பேப்பர் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். எல்இடி தவிர வேறு எதற்கு முன்னாலும் பேப்பரைப் பிடிக்காதீர்கள்.

இரவில் பூக்கிற பூ

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கைகொடுத்த ஒரு இரவைச் சொல்கிறேன். பிரம்ம கமலம் என்று நம் வீடுகளில் வளர்க்கிறோமே, நிஷாகந்தி என்றும் சொல்வார்கள், அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளிச் செடி. இருட்டிய பிறகு விரிய ஆரம்பித்து நள்ளிரவை ஒட்டி முழுசாக மலர்ந்து, விடிவதற்குள் வாடிவிடும். சூரிய வெளிச்சத்தில் அதன் முழு மலர்ச்சியை எடுக்கவே முடியாது, விளக்கு ஒன்றுதான் வழி.

அன்று சாயங்காலமே மொட்டு தலையைத் தூக்கி உப்பியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு "இன்னைக்கு ராத்திரி பூத்துடும்டா, தொட்டியை உள்ளே தூக்கி வெச்சுடு" என்றார். மாடியில் காற்று அடிக்கும் என்பதால் சொன்னார். தொட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து, சுவரிலிருந்து பத்துச் சாண் தள்ளி வைத்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினோம். பதினொன்றரைக்கு அறை முழுக்க வாசனை. கேமராவை ட்ரைபாடில் வைத்து, எஃப் 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் எட்டு வினாடி என்று வைத்துக்கொண்டு, எல்லா விளக்கையும் அணைத்தேன்.

கையில் இருந்தது ஒரு சின்ன டார்ச், அதன் வாயிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்கும்படி குழாயாகச் சுற்றிக் கட்டிய பட்டர் பேப்பர். ஷட்டர் திறந்ததும் டார்ச்சைப் பூவுக்குப் பின்னால் கொண்டுபோய் மூன்று வினாடி மெல்ல ஆட்டினேன், பிறகு அணைக்காமலே இடது பக்கம் கொண்டுவந்து நாலு வினாடி மேலும் கீழுமாக வருடினேன், கடைசி வினாடியில் அணைத்துவிட்டேன். டார்ச் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்ததால் எட்டு வினாடியில் அந்தச் சின்ன விளக்கு ஒரு கதவு அளவு விளக்காக மாறியிருந்தது. முதல் படத்தில் பின்னால் அதிக நேரம் இருந்துவிட்டேன், இதழெல்லாம் வெளுத்துப்போனது. இரண்டாவதில் இடது பக்கம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் கை ஒரு மாதிரி அசைவதால் ஒரு படம்போல் இன்னொன்று வராது, அதனால் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டாவது படமோ பதிமூன்றாவதோ, திரையில் வந்ததும் அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். உள்ளே நட்சத்திரம்போல் விரிந்திருக்கும் சூல்முடி, அதைச் சுற்றிக் கும்பலாகத் தொங்கும் மகரந்தத் தாள்கள், ஒவ்வொன்றின் நிழலும் பின்னிதழில் நூல் நூலாக. வெள்ளை இதழ்களுக்குள் பின்னாலிருந்து வந்த வெளிச்சம் தங்கி, பால் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணம் மாதிரி நின்றது பூ. "இதுக்குள்ள இவ்வளவு இருக்கா" என்றார். கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மூன்று மணி வரைக்கும் எடுத்தோம். காலையில் எழுந்து வந்தபோது பூ கழுத்தை மடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது, தொட்டியை மறுபடியும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்துக் கிளையில் இன்னொரு மொட்டு, சுண்டுவிரல் அளவில்.